எவரும் விழாத இல்லம்

மட்டக்களப்பு வாவியின் கரையோரமாக, தென்னைகளுக்கு நடுவே, வெள்ளை மதிலும் நீலக் கூரையுமாக 'அமைதிக்கரை' என்னும் முதியோர் பராமரிப்பு இல்லம் நிற்கிறது. அங்கு எவரும் விழுவதில்லை. விழுவது அங்கு தடைசெய்யப்பட்டிருக்கிறது. வாயிலில் நுழைபவர் முதலிற் காண்பது கடவுளின் படத்தையன்று. 'விழுகை நிகழாத நாட்கள்' என்று எழுதிய பலகையை. அதன் கீழுள்ள எண்ணை நாள்தோறும் காலையில், பிரார்த்தனைக்கு முன்னதாக, மாற்றிவிடுவார்கள். கந்தப்போடி அங்கு சேர்க்கப்பட்ட நாளில் அந்த எண் இருநூற்று எழுபத்தைந்து.

கந்தப்போடிக்கு வயது எழுபத்தெட்டு. வாவிக்கு மேற்கே படுவான்கரையில் நான்கு ஏக்கர் வயல். அவ்வயற்பரப்புக்கு, ஊரார் சொல்வதுபோல அந்த வட்டைக்கு, இருபது ஆண்டுகள் விதானையாக இருந்து, எவருடைய வயலுக்கு எந்நாள் தண்ணீர் என்று தீர்த்து வைத்தவர். அவருடைய ஒரே மகள் பிரஷாந்தி களுவாஞ்சிக்குடிப் பக்கத்தில் ஓர் அலுவலகத்தில், ஊர் வழக்கிற் கந்தோரில், எழுதுவினைஞர். கணவன் கட்டாரில். அவளுடைய மகளுக்கு அவ்வாண்டு சாதாரண தரப் பரீட்சை. ஒருநாள் கந்தப்போடி எவரிடமும் சொல்லாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு வயல் பார்க்கச் சென்று, பொழுது சாய்ந்த பின்னர் திரும்பினார். மறுநாள் பிரஷாந்தி கந்தோரில் அதைச் சொன்னபோது எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: "ஏதும் ஆகியிருந்தா?" எதுவும் ஆகவில்லை. ஆயினும் அந்தக் கேள்வி வீடு வரை வந்து, அவளுடன் உண்டு, அவளுடன் உறங்கியது.

மூன்று மாதங்களுக்கு மட்டும் அவரை இல்லத்தில் விடுவது என்று முடிவாயிற்று. தகப்பன் கட்டிச் சீதனமாக எழுதிக் கொடுத்த வீட்டில் மகள் இருந்தாள். கட்டியவர் இல்லத்திற்குச் சென்றார். இந்த ஒரு வாக்கியத்தைப் பிரஷாந்தி தனக்குள் பலவாறாக மாற்றிச் சொல்லிப் பார்த்தாள். எப்படி மாற்றினாலும் அது இந்த ஒழுங்கில்தான் வந்து நின்றது.

அனுமதிப் படிவம் பதினெட்டுப் பக்கம். இல்லத்தின் நிர்வாகி நல்லரத்தினம் அதை இரு கைகளாலும் ஏந்தி வந்து கொடுத்தார். தரம் பற்றி மூன்று சான்றிதழ்கள் பெற்று, மூன்றையும் தலைக்கு மேலே சட்டமிட்டு மாட்டியிருந்தவர் அவர்.

"தங்கச்சி, ஒரு நிரலும் வெறுமையாக் கிடக்கக் கூடாது. கிடந்தா மதிப்பீட்டுக்கு வாறவங்க எங்களத்தான் கேட்பாங்க."

இந்த அறிவுரை பிரஷாந்திக்குத் தேவைப்படவில்லை. பதினைந்து ஆண்டு உத்தியோகத்தில், வெறுமையான நிரல் உள்ள படிவத்தை அவள் எவரிடமிருந்தும் வாங்கியதில்லை, எவருக்கும் கொடுத்ததுமில்லை. பன்னிரண்டாம் பக்கத்தில் ஒரு வினா இருந்தது: 'கடந்த ஓராண்டில் முதியவர் விழுந்ததுண்டா? ஆம் எனில் இடம், காரணம், விளைவு.' மாரி மழையில் வரம்பில் வழுக்கிச் சேற்றுக்குள் இருந்துவிட்டு, வீட்டுக்கு வந்து அதைத் தாமே நடித்துக் காட்டிச் சிரித்த தகப்பனின் ஞாபகம் வந்தது. வயல் செய்பவர்கள் அதை விழுவது என்று கணக்கிடுவதில்லை. ஆனால் 'இல்லை' என்று எழுதினால் மூன்று நிரல்கள் வெறுமையாகிவிடும். பிரஷாந்தி 'ஆம்' என்று எழுதினாள். இடம்: வயல் வரம்பு. காரணம்: மழை. விளைவு: உடுத்த சாரம் நனைந்தது.

"என்ன மகள், இவ்வளவு எழுதுறாய்? என்னைக் கோட்டுக்கா அனுப்பப் போறாய்?" என்றார் கந்தப்போடி.

"இல்லப்பா, இது சும்மா முறைக்கு எழுதுறது."

"எழுது, எழுது. மூணு மாசம்தானே. நடந்து வந்தன், மறுகா நடந்துதான் வீட்ட வருவன்."

படிவத்தை வாசித்த நல்லரத்தினத்தின் முகம் பன்னிரண்டாம் பக்கத்தில் இருண்டது. கந்தப்போடியின் மணிக்கட்டில் ஒரு சிவப்பு வளையம் பூட்டப்பட்டது. அதன் பொருள்: 'விழும் அபாயம், உச்சம்.'

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிரஷாந்தி வந்தபோது கந்தப்போடி ஒரு சக்கர நாற்காலியில், இடுப்பிற் பட்டி பூட்டப்பட்டு, சுவரைப் பார்த்தவாறு இருந்தார். வாவியைப் பார்க்கும் யன்னல் எதிர்ப்புறத்தில் இருந்தது. யன்னற்பக்கம் திருப்பினால் எழுந்து நிற்கும் ஆவல் உண்டாகும் என்று தரக் கையேட்டில் எழுதப்பட்டிருந்தது.

"அப்பா! ஏன் கட்டியிரிக்கி?"

"ஆட்டைக் கட்டினாலும் மேயுற அளவுக்குக் கயிறு விடுவாங்க மகள்," என்றார் அவர். "இவங்க அதுவும் விடல்ல."

பராமரிப்பாளர் வதனி விரைந்து வந்தாள். நாற்பது வயதுப் பெண். கையில் ஒரு கோப்பு, காதிடுக்கில் ஒரு பேனை.

"கட்டெண்டு சொல்லாதீங்க அக்கா. அதுக்குப் பேர் அரவணைப்புப் பட்டி. சிவப்பு வளையக்காரர் நடக்கக் கூடாது, நிக்கக் கூடாது."

"கிணத்தடிக்கு?"

"ஈரத்துண்டால துடைச்சி விடுவம்."

"மீன் குடுக்கிறீங்களா? அவர் வாவி மீனில்லாமச் சாப்பிட மாட்டார்."

"மீனில முள்ளு இருக்கே அக்கா. இப்ப சோயாதான்."

பக்கத்து நாற்காலியிலிருந்து ஒரு சிரிப்பு எழுந்தது. நகரத்துப் பறங்கிக் குடும்பமொன்றைச் சேர்ந்த டோரீன் என்னும் மூதாட்டி, வயது எண்பத்தொன்று, அவருடைய மணிக்கட்டிலும் சிவப்பு வளையம்.

"ஐயோ மேன், மகள் இப்பத்தான் கேக்குறா! என்ட சப்பாத்தைப் பாருங்க. காணல்லதானே? குதி உயரமெண்டு பறிச்சிட்டாங்க. கலியாண வீட்டில விடியும்வரைக்கும் கப்ரிஞ்ஞா ஆடின கால் இது. இப்ப றப்பர் சொக்ஸ்!"

"நீங்க ஆடித்தான் எனக்கும் பட்டி போட்டவங்க," என்றார் கந்தப்போடி.

"போடியாருக்குப் பொறாமை."

வதனி இருவரையும் பார்த்து, கோப்பில் 'மகிழ்ச்சி: உண்டு' என்று எழுதினாள். இரண்டு மணித்தியாலத்திற்கு ஒருமுறை ஒவ்வொருவருக்கும் பதினான்கு நிரல்கள். "நான் ஆக்களப் பார்க்கிறது குறைவு அக்கா," என்று அவள் தாழ்ந்த குரலிற் சொன்னாள். "பார்த்தன் எண்டு எழுதுறன். ரெண்டையும் செய்ய நேரம் காணாது."

பிரஷாந்தி நிர்வாகியிடம் சென்றாள். தான் எழுதிய தகவலை மீளப் பெறுவதாக, கந்தோர் முறைப்படி, ஒரு கடிதம் எழுதியே கொண்டு சென்றாள். நல்லரத்தினம் அதை மகிழ்ச்சியுடன் பெற்றுக்கொண்டார்.

"தாராளமாத் திருத்தலாம் தங்கச்சி. நாங்க கல்நெஞ்சுக்காரர் இல்ல. அப்பா நடை மதிப்பீட்டில தேறினாச் சரி. பத்து மீற்றர், ஆருட உதவியும் இல்லாம."

"அப்ப இப்பவே நடக்க விட்டுப் பாருங்க சேர். வெள்ளனவே எழும்பி ஊரெல்லாம் நடக்கிற மனிசன்."

"அதில ஒரு சிக்கல் இருக்கு. சிவப்பு வளையக்காரரை நடக்க விடுறதுக்கு எங்களுக்கு அனுமதி இல்ல."

"வளையத்தைக் கழட்டிப்போட்டு நடக்க விடலாமே?"

"நடை மதிப்பீட்டில தேறினாத்தானே கழட்டலாம்."

இதில் அவர் எந்தக் கபடமும் செய்யவில்லை என்பதை இங்கு பதிந்தாக வேண்டும். அவர் முகத்தில் இருந்தது கணக்குச் சரியாக வந்த மாணவனின் நிறைவு. பிரஷாந்தியோ இந்த மொழியை அறியாதவள் அல்லள். இதே வாக்கியங்களைக் கந்தோரில், கண்ணாடித் தடுப்புக்கு இப்பாலிருந்து, கிழவிகளுக்கும் விதவைகளுக்கும் அவள் சொல்லியிருக்கிறாள். மறுபக்கத்தில் நின்று கேட்பது இதுவே முதல் தடவை. ஆகவே அவள் அவர்கள் செய்ததையே செய்தாள்: தலையாட்டிவிட்டு வெளியே வந்தாள்.

ஆறாம் வாரத்தில் தீ ஒத்திகை நடந்தது. பிரஷாந்தி அந்நேரம் தகப்பனுக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். மணி ஒலித்தது. சமையற்காரர், காவலாளி, வதனி, நல்லரத்தினம் என்று பதினொரு பேரும் கதவு வழியே ஓடி, முற்றத்து மாமரத்தின் கீழே வரிசையாக நின்று, ஒருவரையொருவர் எண்ணி, பதினொருவர் என்று கண்டு, கைதட்டினார்கள். முப்பத்தொரு முதியவர்களும் பட்டி பூட்டியபடி மண்டபத்தில் இருந்து கழுத்தைத் திருப்பி அதைப் பார்த்தார்கள்.

"இவங்கள ஏன் வெளிய எடுக்கல்ல?" என்று பிரஷாந்தி யன்னல் வழியே கேட்டாள்.

"அவசரமா நகர்த்தினா விழுந்திருவாங்க!" என்று மாமரத்தடியிலிருந்து நல்லரத்தினம் கூவினார். "நாற்பத்தேழு செக்கன், தங்கச்சி! மாகாணத்தில ஆரும் இந்த வேகத்தில வெளியேறினதில்ல!"

"நெருப்பு வந்தா நாங்க சாம்பல்தான் போடியார்," என்றார் டோரீன். "ஆனா விழமாட்டம்."

கந்தப்போடி சிரிக்கவில்லை. தம்முடைய முழங்காலைக் கையால் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். காற்சதை வற்றியிருந்தது. கணுக்காலில் ஒரு சிறுவனுக்குரிய மெலிவு.

"கால் கிடக்கு மகள்," என்றார். "ஆனா சொல்லுக் கேக்குதில்ல. கெதியாக் கூட்டிப் போ. இன்னும் கொஞ்ச நாள் போனா நடந்து வரமாட்டன்."

அன்றே பிரஷாந்தி விடுவிப்புக்கு விண்ணப்பித்தாள். விடுவிக்கப்படும் முதியவர் செல்லும் வீடும் தரத்திற்கு உட்பட்டதாக இருக்க வேண்டும் என்று அறிவிக்கப்பட்டது. பத்தாம் வாரத்தில் இரண்டு மதிப்பீட்டாளர்கள் அளவு நாடாவுடன் அவளுடைய வீட்டுக்கு வந்தார்கள். முற்றத்து மணலை மிதித்துப் பார்த்து, 'தளர்வான தரை' என்று எழுதினார்கள். தென்னையை அண்ணாந்து பார்த்து, 'மேலிருந்து விழும் பொருள்' என்று எழுதினார்கள். கிணற்றை எட்டிப் பார்த்து, நீண்ட நேரம் எழுதினார்கள். வாசலில் மூன்று படிகள் இருந்தன. ஒவ்வொன்றும் ஒன்பது அங்குலம்.

"இந்தப் படியை இடிக்க வேணும், மிஸ். உள்வீடும் முற்றமும் ஒரே மட்டமா வரணும்."

"சேர், மாரியில வாவி பெருகினா முற்றமெல்லாம் தண்ணி. அதுக்காகத்தான் அப்பா உயர்த்திக் கட்டினவர். படியை எடுத்தா வெள்ளம் அறைக்குள்ள வந்திரும்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மூத்தவர் பொறுமையுடன் விளக்கினார்: "வெள்ளம் எங்கட பிரிவில்ல, மிஸ்."

வீட்டுக்கு நூற்றுக்கு முப்பத்தொரு புள்ளி கிடைத்தது.

பிரஷாந்தி கோபங்கொண்டாள். அவர்களை வேலிப் படலை வரை பின்தொடர்ந்து சென்று வாதாடினாள், குரல் உயர்ந்தது, அயலவர் எட்டிப் பார்த்தார்கள். பின்னர் அவர்களுடைய வாகனம் திருப்பத்தில் மறைந்தது. படலையைப் பிடித்தபடி நின்றவளின் நெஞ்சில் மெல்ல வேறொன்று வந்து அமர்ந்தது. அதன் பெயர் நிம்மதி. இனி மறுப்பவள் அவள் அல்லள், தரமே மறுக்கிறது. ஒரு மகள் தகப்பனை வேண்டாம் என்றால் ஊர் முகஞ்சுளிக்கும். முப்பத்தொரு புள்ளி என்றால் அதே ஊர் தலையசைத்து, பாவம் என்னதான் செய்வாள் என்று சொல்லும். இத்தகைய நிறுவனங்கள் நம் நாட்டில் எவ்வாறு செழிக்கின்றன என்று மேடைதோறும் வினவுகிறோம். வினவுகிற நாம் அன்று மாலை அந்தப் படலையடியில் நின்ற முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். பார்ப்பதற்கு அவ்வளவு தொலைவு செல்ல வேண்டியதுமில்லை. நம்முள் பலருடைய வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடி இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை செய்தியைச் சொன்னாள்.

"எத்தினை புள்ளியாம்?"

"முப்பத்தொண்டு, அப்பா."

"பள்ளிக்கூடத்தில நானும் அதுக்கு மேல எடுத்ததில்ல. வீடு என்னைப் போலத்தான் இரிக்கு."

டோரீன் சிரித்தார். பிரஷாந்தியாற் சிரிக்க இயலவில்லை. கந்தப்போடி அவள் முகத்தைச் சற்று நேரம் பார்த்தார். தண்ணீர்ப் பங்கில் எவன் பொய் சொல்கிறான் என்பதை இருபது ஆண்டுகள் முகத்தில் வாசித்துப் பழகியவர் அவர்.

"உனக்கும் கஷ்டம்தான் மகள்," என்றார். அதன் பிறகு வீட்டைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

அவர் திட்டியிருந்தால் அவள் தாங்கியிருப்பாள்.

பலகையில் முந்நூற்று அறுபத்தைந்து என்ற எண் ஏறிய நாள் ஒரு வெள்ளிக்கிழமை. சான்றிதழ் வழங்கும் விழாவுக்காக வாயிலில் வாழை கட்டினார்கள். பெரிய அதிகாரி ஒருவர் பிரதம விருந்தினராக வந்தார். படிவத்தை மிகச் சிறப்பாக நிரப்பிய உறவினர் என்ற வகையில் பிரஷாந்தியும் மேடையில் இருத்தப்பட்டாள். முதியவர்கள் முன்வரிசையில், பட்டிகளுக்கு மேலே பட்டுத்துணி போர்த்தப்பட்டு, அலங்காரமாக வைக்கப்பட்டிருந்தார்கள்.

நல்லரத்தினம் பேசினார்.

"பெரியோர்களே! ஓராண்டுக்கு முன்னர் இந்த இல்லத்தின் நிலை என்ன? முதியவர்கள் நினைத்தபோது எழுந்தார்கள்! நினைத்த இடத்துக்கு நடந்தார்கள்! கிணற்றில் அள்ளிக் குளித்தார்கள், வாவிக் கரையில் காற்று வாங்கினார்கள்! அந்த இருண்ட காலத்தை நாம் கடந்துவிட்டோம். மனிதர் ஏன் விழுகிறார்கள் என்று ஆராய்ந்தோம். நிற்பதனால் விழுகிறார்கள் என்று கண்டோம். நோயின் வேரை அறுத்தோம். இன்று எமது முதியவர்கள் எதையும் கேட்பதில்லை. முறைப்பாட்டுப் பெட்டியைத் திறந்து பாருங்கள். ஒரு கடிதம் இல்லை. அதை எட்டக்கூடிய தூரத்துக்கு எவரும் செல்வதே இல்லை! இத்துடன் நாம் ஓய்ந்துவிட மாட்டோம். உணவு தொண்டையிற் சிக்கும் சம்பவங்களையும் அடுத்த ஆண்டில், இதே முறையைக் கையாண்டு, முற்றாக ஒழிப்போம் என்று உறுதியளிக்கிறேன்!"

பலத்த கரகோஷம் எழுந்தது.

"சாப்பாட்டையும் நிப்பாட்டப் போறான் மேன்," என்று டோரீன் முன்வரிசையிற் சொன்னது மேடைவரை கேட்டது.

அடுத்ததாக, 'ஆண்டின் அதிபாதுகாப்பான முதியவர்' விருதுக்குக் கந்தப்போடியின் பெயர் வாசிக்கப்பட்டது. நாற்காலி தள்ளிவரப்பட்டது. அதிகாரி கேடயத்தை எடுத்துக்கொண்டு, நல்ல மனிதராய் இருந்த குற்றத்தினால், கையேட்டில் இல்லாத ஒரு சொல்லைச் சொல்லிவிட்டார்: "எழும்புங்க ஐயா, எழும்பி வாங்க."

பெரியவர் ஒருவர் அழைத்தால் எழுந்து நிற்பது கந்தப்போடியின் முறை. அவர் எழ முயன்றார். பட்டி இழுத்துப் பிடித்தது. மீண்டும் முயன்றார். பட்டுத்துணி நழுவி விழுந்தது.

"தேவையில்ல, தேவையில்ல, இருந்தபடியே வாங்கலாம்," என்றார் நல்லரத்தினம்.

பிரஷாந்தி மேடையிலிருந்து இறங்கினாள். யாரையும் கேட்காமல் குனிந்து பட்டியைக் கழற்றினாள். "அப்பா, எழும்புங்க," என்றாள். கந்தப்போடி நாற்காலியின் கைகளை ஊன்றி எழுந்தார். ஒரு கணம் நின்றார் என்றே சொல்ல வேண்டும். பின்னர் முழங்கால்கள் நனைந்த காகிதம்போல மடிந்தன. பிரஷாந்தி மார்போடு தாங்கிப் பிடித்தாள். அவள் தாங்கிய பாரம் மிகக் குறைவாக இருந்தது. அதுதான் அவளைத் தள்ளாடச் செய்தது.

"விழல்ல!" என்று நல்லரத்தினம் ஒலிவாங்கியில் முழங்கினார். "பாருங்கள் பெரியோர்களே! விழவில்லை!"

மண்டபம் மீண்டும் கைதட்டியது.

"நான் அப்பாவைக் கூட்டிப் போறன்," என்றாள் பிரஷாந்தி.

"வீடு முப்பத்தொரு புள்ளி, தங்கச்சி."

"தெரியும். எனக்கு அதைவிடக் குறைவு."

ஆலோசனைக்கு மாறான வெளியேற்றம் என்று ஒரு படிவம் இருந்தது, கையொப்பமிட்டாள். அதன்பின் நல்லரத்தினம் ஒரு கணமும் தாமதிக்கவில்லை. நால்வர் கந்தப்போடியை நாற்காலியோடு தூக்கி, மூச்சை அடக்கி, மண்டபத்தைத் தாண்டி, முற்றத்தைத் தாண்டி, கேற்றின் இரும்புத் தண்டவாளத்துக்கு அப்பால், பொது வீதியில் மெல்ல இறக்கினார்கள். பின்சக்கரம் இன்னும் எல்லைக்குள் இருப்பதை நிர்வாகி கண்டார். "இன்னும் ரெண்டங்குலம்," என்றார். தள்ளினார்கள். இனி விழுவது கந்தப்போடியின் சொந்த விருப்பம்.

"போடியார்!" என்று உள்ளிருந்து டோரீனின் குரல் வந்தது. "எனக்கு ஒரு மீனாவது அனுப்புங்க, மேன்! முள்ளோட!"

வதனி கேற்றை மூடினாள். மூடும்போது பிரஷாந்தியைப் பார்க்கவில்லை.

முச்சக்கர வண்டி ஓட்டுநரும் அயல்வீட்டுக்காரரும் சேர்ந்து, ஒன்பது அங்குலப் படிகள் மூன்றிலும் கந்தப்போடியைத் தூக்கி ஏற்றினார்கள். தாம் கட்டிய வீட்டுக்குள் அவர் விருந்தாளியைப் போல நாலாபுறமும் பார்த்தார். பேத்தி கட்டிக்கொண்டு அழுதாள். பிரஷாந்தி வாவி மீன் வாங்குவித்துக் குழம்பு வைத்தாள். முள் எடுத்துத் தரட்டுமா என்று அவள் கேட்கவில்லை. எடுத்துத் தரச் சொல்லி அவர் கேட்டார்.

மாலை வெயில் படிகளில் இறங்கியபோது, அவரை வாசலுக்கு நேரே, வெளியைப் பார்க்குமாறு இருத்தினாள். அவர் நாற்காலியின் இரு கைகளையும் இறுகப் பற்றியிருந்தார்.

"மகள், அந்தப் பட்டியைக் கொண்டு வரல்லியா?"

"எதுக்கப்பா அது?"

"இடுப்பு சும்மா கிடக்கு. பயமா இரிக்கு. ஒரு துண்டை எடுத்துக் கட்டி விடன்."

"அப்பா! இது உங்கட வீடு. இஞ்ச ஆரும் உங்களக் கட்ட மாட்டாங்க. கொஞ்சம் கொஞ்சமா நடப்பம். விழுந்தா நான் தூக்குவன்."

கந்தப்போடி அதை ஆராய்ந்தார். தண்ணீர் தருகிறேன் என்று சொன்னவனிடம், எந்நாள், எத்தனை மணிக்கு என்று கேட்டே பழகிய மனிதர்.

"நீ கந்தோருக்குப் போனா?"

அன்று வெள்ளிக்கிழமை. பதில் சொல்வதற்குப் பிரஷாந்திக்கு இரண்டு நாட்கள் இருந்தன.